கேட்பதற்கு நல்ல மாதம்

இந்தியாவிலிருந்து அழைப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரைச் சொல்வதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும் சார்?" கண்டியில் ஒரு சிறிய சுற்றுலா அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். இப்போது அந்தக் கதிரையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். விசா, விமானச் சீட்டு, ஹோட்டல் பதிவு எல்லாம் என்னைவிட உங்களுக்கு வேகமாக வரும். அவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் மேசைக்கு எதிரே சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாதங்களுக்கு நிறம் பூசியிருந்தோம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை கண்டிக்கும் தெற்குக் கடற்கரைக்கும் பச்சை. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடற்கரைக்குப் பச்சை. கண்டிப் பெரஹரா ஊர்வலம் பார்க்க வருகிறவர்களுக்கு ஜூலை, ஓகஸ்ட்; ஆனால் அறை கிடைப்பது பெரும்பாடு. ஒக்டோபரும் நவம்பரும் மலைநாட்டுக்குச் சிவப்பு. அழைப்பு வந்ததும் நான் அட்டவணையைப் பார்ப்பேன், மாதத்தைச் சொல்வேன். அழைத்தவரிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

அப்படித்தான் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பத்தை மே மாதக் கடைசியில் தெற்குக் கடற்கரைக்கு அனுப்பினேன். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான். அட்டவணையில் அந்த வாரம் மஞ்சள், சிவப்பில்லை. நான்கு நாளும் கடற்கரையில் அபாயக் கொடி பறந்தது. பிள்ளைகள் இருவரும் ஹோட்டல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதே வாரம் திருகோணமலைப் பக்கம் கடல் குளம்போலக் கிடந்தது. ஊருக்குப் புறப்படும்போது அவர்களுடைய அப்பா கோபப்படவில்லை. "நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல சார். பிள்ளைங்க கடல்ல இறங்கணும்னு ஆசைப்படுறாங்களா, இல்ல பாத்தா போதுமான்னு கேட்டிருக்கலாம்," என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து மாதத்தைச் சொல்வதற்கு முன் ஆளைக் கேட்கத் தொடங்கினேன்.

கேட்கத் தொடங்கியதால்தான் தெய்வானை அம்மா எனக்குக் கிடைத்தார்.

நான் ஓய்வுபெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஜூன் மாதம். மதுரையிலிருந்து அழைப்பு. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் துடைத்து வைத்ததுபோல ஒரு பெண்குரல்.

"சார், என் பேரு தெய்வானை. பேங்க்ல டெலிபோன் ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. பிறவியிலேயே எனக்குக் கண்ணு தெரியாது. அஞ்சு டிராவல்ஸ்ல கேட்டுட்டேன். எல்லாரும் பாக்குறதுக்கு நல்ல மாசம் சொல்றாங்க. கேக்குறதுக்கு நல்ல மாசம் எது சார்?"

நான் அட்டவணையை அண்ணாந்து பார்த்தேன். பன்னிரண்டு மாதங்களில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்காக நிறம் பூசப்பட்டிருக்கவில்லை.

முதலில் பெரஹராவைச் சொன்னேன். நூற்றுக்கணக்கான மேளங்கள், யானை மணிகள். அவர் சிரித்தார். "மேளம் எங்க ஊர்லயே இருக்கு சார். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குள்ள வளந்தவ நான். மலை எப்படிச் சத்தம் போடும்னுதான் எனக்குத் தெரியணும்."

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளும் கண்டித் தெருக்களில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். பச்சை மாதங்களில் மலை பேசாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜனவரியில் ஓடைகள் மெலிந்துவிடும். கேட்பதெல்லாம் சுற்றுலா பஸ்களின் ஹோர்ன்தான். மலை வாயைத் திறப்பது சிவப்பு மாதத்தில். ஒக்டோபரில் காலை வெளுத்துக் கிடக்கும், பறவைகள் கத்தும். மதியத்துக்கு மேல் இடி தொடங்கும். எல்லா ஓடையும் நிறைந்து ஓடும்.

"ஒக்டோபர்," என்று அவரிடம் சொன்னேன். மறைக்காமல் மற்றதையும் சொன்னேன். மழை பிடித்தால் விடாது, அட்டை கடிக்கும், மண்சரிவும் நடக்கக்கூடும்.

"நீங்க கூட வருவீங்களா சார்?"

"வருவேன்."

அட்டவணைக்கு வெளியே ஒருவரை அனுப்புவதென்றால் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அனுப்பக்கூடாது. இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நிமிடத்தில் நானாகவே பிடித்துக்கொண்டது.

ஒக்டோபரில் தெய்வானை அம்மா வந்தார். கூட அவருடைய தோழி பிரேமா. அதே வங்கியில் காசாளராக இருந்தவர். வேன் ஓட்டியவர் ரவூப் நானா, கட்டுகஸ்தோட்டைக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், அதனால் எனக்கு நானா, அதாவது அண்ணன்; எத்தனையோ பயணங்களில் என்னோடு வந்தவர். முதல் இரண்டு நாளும் கண்டி. நகரத்துக் குளத்துக்கு மேலேயுள்ள காட்டில் விடியற்காலையில் நடந்தோம். மூன்றாம் நாள் கலஹா வழியாகத் தெல்தோட்டைப் பக்கம் ஏறினோம். அங்கே ஒரு பழைய தேயிலைத் தோட்டத்து பங்களாவை விருந்தினர்களுக்கு விட்டிருந்தார்கள். பின்பக்கம் செங்குத்தான மலை. மலையிலிருந்து இறங்கும் ஓடை சமையலறையை ஒட்டி வந்து, வளைந்து, பாதையின் சிறிய பாலத்துக்குக் கீழே புகுந்து, கீழேயிருந்த லயத்தை உரசிக்கொண்டு போகும். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். பங்களாவைப் பார்த்துக்கொண்ட செல்வராஜின் குடும்பமும் அந்த லயத்தில்தான் இருந்தது.

அன்று பிற்பகல் நாங்கள் விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். முதல் இடி விழுந்தது. தெய்வானை அம்மா கையை உயர்த்தி எங்களைப் பேசாமலிருக்கச் சொன்னார். இடி உருண்டுபோய் எங்கோ மோதி, திரும்பி, இன்னோரிடத்தில் மோதி, மெல்ல அடங்கியது.

"சார், என் முதுகுப் பக்கம் ஒரு மலை ரொம்பக் கிட்ட நிக்குது. எதிர்ல திறந்து கெடக்கு, பள்ளம். வலது பக்கம் தூரத்துல ரெண்டு மலை, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. சரியா?"

சரிதான். ஆனால் அந்த இரண்டாவது மலையை மழைமேகம் முழுவதுமாக மூடியிருந்தது. பார்வையுள்ள எங்களில் ஒருவர் கண்ணுக்கும் அன்று அது தெரியவில்லை. அங்கே ஒரு மலை இருக்கிறது என்பது எனக்கே முன்பு பார்த்த நினைவிலிருந்துதான் தெரியும். ரவூப் நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "சுபஹானல்லாஹ்," என்று மட்டும் சொன்னார்.

பிறகு மழை வந்தது. பள்ளத்தின் மறுகரையில் தொடங்கி எங்களை நோக்கி நடந்து வந்தது. அது வருவதை அவர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். "இப்ப செடி மேல விழுது. இப்ப ஏதோ பெரிய இலை, வாழையா? இப்ப தகரம் வந்துடுச்சு." மழை எங்கள் கூரையைத் தொட்டபோது அவர் முகம் இருந்த இருப்பை நான் எந்தச் சுற்றுலாப் பயணியின் முகத்திலும் கண்டதில்லை. இத்தனை வருடமும் நான் ஊமைப் படம்தான் காட்டிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. முந்தைய நாள் மழையைவிட இரண்டு மடங்கு. கொழுந்து எடுக்கப் போனவர்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், லயம் நிறைந்திருந்தது. நாங்கள் விறாந்தையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். மணி மூன்றுக்குக் கிட்ட இருக்கும். தெய்வானை அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"சார், அந்த ஓடையை யாராவது மேல அடைச்சு வச்சிருக்காங்களா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"நேத்து மழை இதுல பாதி. ஓடை சத்தம் பெருசா இருந்துச்சு. இன்னைக்கு மழை இவ்வளவு பெய்யுது, ஓடை சத்தம் கொறைஞ்சுக்கிட்டே போகுது. அரை மணி நேரமா கவனிக்கிறேன்."

நான் காதைக் கொடுத்தேன். கூரைமேல் மழை அடிக்கும் சத்தம் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தவறியிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனேன். போகாமல் இருந்திருப்பேனோ என்று இன்றும் சில வேளை நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஓடையில் கற்கள் தெரிந்தன. அப்படிக் கொட்டும் மழையில், காலையில் மூழ்கிக் கிடந்த கற்கள் வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கிடையில் கொஞ்சம் தண்ணீர், பால் தேத்தண்ணீர் நிறத்தில் சேறாக ஓடிக்கொண்டிருந்தது.

பல வருடங்களுக்கு முன்பு வழிகாட்டிகளுக்கென்று ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். பாதிப்பேர் தூங்கினோம். மண்சரிவு பற்றிப் பேச வந்த அதிகாரி கரும்பலகையில் ஒரு மலையையும் ஓடையையும் வரைந்து, மழை பெய்யும்போது ஓடை வற்றினால் மேலே மண் இறங்கித் தண்ணீரை அடைத்திருக்கிறது, அது உடையும், அந்த இடத்தில் நிற்காதீர்கள் என்றார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. முகமும் நினைவில்லை. அந்த வகுப்பிலிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு படம்தான். சலிப்பூட்டும் வகுப்புகளுக்குப் போங்கள் என்று உங்களிடம் நான் கெஞ்சுவது இதனால்தான்.

ஓடிவந்து சொன்னேன். செல்வராஜ் நம்பவில்லை. "ஐயா, இந்த பங்களா வெள்ளக்காரன் காலத்துல இருந்து நிக்குது. இந்த மழையில ரோட்டுல போறதுதான் பயம். எந்த வளைவுல மண்ணு விழும்னு யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த மாதிரி நேரத்தில் எதிர்த்துப் பேசுகிறவர் முட்டாளாக இருக்கமாட்டார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கும், அந்தப் பாதியே நம்மைத் தயங்க வைக்கும். வேனில் ஏறினால் அதே ஓடையின் பாலத்தைத்தான் கடக்க வேண்டும். மேலே உடைந்தால் தண்ணீர் முதலில் பிடிப்பது அந்தப் பாலத்தை. இங்கேயே இருந்தால் மலை நேராகத் தலைமேல். மிஞ்சியது ஒரே வழி. பங்களாவின் வலப்பக்கம் தேயிலைக்கு நடுவே ஒரு படிப்பாதை மேட்டுக்கு ஏறியது. மேட்டின் மேல் தோட்டப் பாடசாலை. ஓடையைக் கடக்காமல் நடந்தே போகலாம்.

"வேனில போகல. நடந்து பாடசாலைக்குப் போறோம், இப்பவே," என்றேன். "செல்வராஜ், லயத்துக்கு ஓடுங்க. எல்லாரையும் மேட்டுக்கு ஏத்துங்க."

லயம் என்றதும் அவர் முகம் மாறியது. அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினார்.

ரவூப் நானா வேன் பக்கம் போனார். "நானா, வேனை விடுங்க!" என்று கத்தினேன்.

"வேன எடுக்கப் போகல மச்சான். செல்வராஜ் ஒரு ஆள் கத்தினா இந்த மழையில லயத்துல யாருக்குக் கேக்கும்? நீ பொம்பளயாளக் கூட்டிக்கொண்டு போ."

வேனை முற்றத்தின் விளிம்புவரை கொண்டுபோய், லயத்தைப் பார்த்து நிறுத்தி, ஹோர்னை அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. மழைக்குள் அந்தச் சத்தம் ஓர் ஆணிபோல இறங்கியது. கீழே கதவுகள் திறப்பதை நான் பார்த்தேன்.

தெய்வானை அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிரேமா பின்னால். படிகளில் தண்ணீர் ஓடியது. பிரேமா இரண்டு முறை வழுக்கி விழுந்தார், அழுதார், என்னைத் திட்டினார். "ஜனவரியில வந்திருக்கலாம்ல? எதுக்கு சார் எங்களை இந்த மாசத்துல வரச் சொன்னீங்க?" அதே கேள்வியைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். தெய்வானை அம்மா மட்டும் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. பாதி வழியில் திரும்பி, "அந்த டிரைவர் இன்னும் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு. அவரை வரச் சொல்லுங்க சார்," என்றார். நான் திரும்பிக் கத்தினேன். அந்த மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேட்டை அடைந்தோம். லயத்து ஆட்கள் மறுபக்கப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். போர்வைக்குள் பிள்ளைகள், தோளில் ஒரு கிழவர், ஒருத்தி கையில் அரிசி அரித்த பானைகூட அப்படியே. கடைசியாக செல்வராஜும் அவர் மனைவியும். ஹோர்ன் நின்றது. தேயிலைக்கு நடுவே ரவூப் நானாவின் வெள்ளைத் தொப்பி ஏறி வருவது தெரிந்தது.

அவர் பாதி மேடு ஏறியிருப்பார். தெய்வானை அம்மா என் கையை இறுக்கினார்.

"வருது."

எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. மூன்று நான்கு மூச்சு விடும் நேரம் போனது. பிறகு காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. அதற்கப்புறம்தான் சத்தம். இடியில்லை, எஞ்சின் இல்லை, நான் கேட்ட எதைப்போலவும் இல்லை. பங்களாவுக்குப் பின்னாலிருந்த மலையில் ஒரு துண்டு, மரங்கள் நிமிர்ந்து நின்றபடியே கீழே இறங்கி வந்தது. மரங்கள் நடந்து வருவதுபோல இருந்தது. பச்சை மண்ணின் வாடை முகத்தில் அடித்தது. சமையலறை இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பாலம் போயிற்று. லயத்தின் கடைசி இரண்டு வீடுகள், கூரைத் தகரம் காகிதம்போல மடிந்து, சேற்றுக்குள் போயின. எல்லாம் ஒரு தேத்தண்ணீர் ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

யாரும் அழவில்லை. அவ்வளவு பெரிய ஒன்றுக்கு முன்னால் அழுகையும் வராது போலிருக்கிறது. எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு அப்படியே நின்றோம். ரவூப் நானா இடுப்பளவு சேற்றோடு வந்து சேர்ந்தார். சாவியை உயர்த்திக் காட்டினார். "சாவி எனக்கிட்ட ஈக்கி. வேன் ஈக்குதோ தெரியாது," என்றார். அப்போதுதான் யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பிலிருந்து அழுகை தொடங்கியது. செல்வராஜ் ஆட்களை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். எங்களோடு சேர்த்து முப்பத்தொன்பது பேர், ஒருவர்கூடக் குறையவில்லை.

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் ஒக்டோபரில் நான் தெய்வானை அம்மாவை அழைத்தது நல்லதாய்ப் போயிற்று என்பார்கள். நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். நான் அவரை ஒரு செங்குத்தான மலைக்குக் கீழே, மழை மாதத்தில் தங்கவைத்தேன். அது தவறு. அவர் கேட்டது மலையின் சத்தம். அதை நகரத்து மேட்டிலிருந்தோ அகன்ற பள்ளத்தாக்கிலிருந்தோ கேட்டிருக்கலாம். மாதத்தை யோசித்த நான் இடத்தை யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு மழை கேட்க வந்தவர்களும் உண்டு. அவர்களையும் அழைத்துப் போனேன், ஆனால் சரிவுக்குக் கீழே ஓர் இரவுகூட வைக்கவில்லை. அவர் அங்கே இல்லாதிருந்தால் லயத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

அன்று எல்லோரும் பாடசாலையிலேயே தங்கினோம். காலையில் வானம் ஒரு துளி மேகமில்லாமல் வெளுத்திருந்தது. தெய்வானை அம்மா வகுப்பறை வாசலில், பிள்ளைகள் உட்காரும் சிறிய வாங்கில் உட்கார்ந்திருந்தார். லயத்துப் பெண்கள் கூட்டமாக வந்து அவருக்கு முன்னால் நின்றார்கள். ஒருத்தி குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேணாம்மா. உங்க யாரையும் எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒருதரம் பேரைச் சொல்லுங்க. கேட்டு வச்சுக்கிறேன்."

ஒவ்வொருவராக வந்து பெயரைச் சொன்னார்கள். முத்துலெட்சுமி. ராஜகுமாரி. சிவகாமி. கிழவர் தன் பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயரையும் அவர் ஒரு முறை திருப்பிச் சொன்னார், யாரோ ஒருவருக்கு இணைப்புக் கொடுப்பதுபோல. செல்வராஜ் சொன்னபோது குரல் உடைந்தது. தெய்வானை அம்மா அவரை அவசரப்படுத்தவில்லை.

கடைசியாக ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு வந்தாள். தன் பெயரைச் சொன்னாள். "இவ பேரு தர்ஷினிங்கம்மா, நாலு மாசம்," என்றாள்.

"நீ சொல்லிட்ட. அவ சொல்லட்டும்," என்றார் தெய்வானை அம்மா.

எல்லோரும் காத்திருந்தோம். முற்றத்தில் முப்பத்தொன்பது பேர், ஒரு சத்தமில்லை. குழந்தை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வாயைத் திறந்து, மெல்ல, ஒரு கூவல்.

"ம்," என்று தலையசைத்தார் தெய்வானை அம்மா. "கேட்டுட்டேன்."